எம்.பி.க்கு அரைப் பேர்

பல தேர்தல்களில் வென்ற எங்கள் எம்.பி., வாக்குக் கேட்க பொகவந்தலாவைக்கு வந்தார். ரோட்டுப் போடும் கொந்தராத்துக்காரர் இலவசமாகக் கொடுத்த வேனை ஓட்டியவன் நான்.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குக் கூடிநின்ற கொழுந்து பறிக்கும் பெண்களிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இந்தத் தடவை எனக்கு முழுப் பேருதானே?"

தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர்.

இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியிருந்த ஒரு பெண் முன்னால் வந்தார். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"அரைப் பேருதாங்க. ரோட்டு பாதியில நிக்குது. அதப் போடுறவரோட வேன்லயே நீங்க வந்தா, அவர எப்படிங்க கேள்வி கேப்பீங்க?"

எம்.பி. தலைகுனிந்தார். வேனிலிருந்து குடையை எடுத்தார்.

"நீங்க போங்க தம்பி. நான் பஸ்ல வர்றேன்."

வெறும் வேனோடு மலை இறங்கினேன். நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன். எம்.பி.யின் சம்பளத்தையே வெட்டியது எங்கள் லயத்துக்காரி!