கீழ் வரிசையில் நிற்கும் அண்ணன்

வவுனியாவில் நான் வேலை பழகிய ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் இருந்தது. கலியாணப் படத்தில் இல்லாதவர்களைச் சேர்த்துத் தரச் சொல்லி ஆட்கள் வருவார்கள். வெளிநாட்டிலிருந்து வர முடியாமல் போன சித்தப்பா என்றால் அவரைக் கீழே, மற்றவர்களோடு வரிசையில் நிற்க வைப்போம். செத்துப்போனவர் என்றால் மேலே, மூலையில், மேகத்துக்கு நடுவில் ஒரு நீள்வட்டத்துக்குள் வைப்போம். ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணையின் கணினியில் அந்த மேகம் எப்போதும் ஆயத்தமாக இருக்கும். வருகிறவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வியே "மேலையோ, கீழையோ?" என்பதுதான். அதைக் கேட்டு யாரும் விளங்காமல் முழித்து நான் பார்த்ததில்லை.

நான் சித்திரம் படிக்கிறவள். பென்சிலும் தாளும் தந்தால் யாருடைய முகத்தையும் கீறிவிடுவேன் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. படிப்பின் இரண்டாம் வருடத்தில் கணினி வடிவமைப்பைக் கட்டாயப் பாடமாக்கி அந்தத் திமிரை ஒரே கிழமையில் உடைத்துப் போட்டார்கள். பென்சிலால் ஒரு இழுவையில் வருகிற காதை மவுசால் இழுத்தால் உருளைக்கிழங்கு வந்தது. வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நெடுங்கேணியில் எங்கள் வீட்டில் கணினி இல்லை. அதனால் சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறி வவுனியாவுக்கு வந்து, ஸ்டூடியோவில் சம்பளமில்லாமல் வேலை செய்கிறேன், கணினியை மட்டும் தொடவிடுங்கள் என்று கேட்டுச் சேர்ந்தேன். வயலால் வந்த அப்பா கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "கொம்பியூட்டர் படிக்கப் போறன் எண்டு போட்டு, போய்ச் செத்த ஆக்களை மேகத்துக்கை ஏத்துறாய். நல்ல படிப்பு!"

அவர் சொன்னதில் பிழையில்லை. ஸ்டூடியோவில் நான் பழகியது இரண்டே இரண்டு வேலைகள்தான். ஒன்று தலை மாற்றுவது. அண்ணையின் கணினியில் கோட் போட்ட உடம்பு, பட்டு வேட்டி கட்டிச் சால்வை போட்ட உடம்பு என்று தலையில்லாத உடம்புகள் வரிசையாக இருந்தன. தலை கிடைத்தால் காணும், பொருத்திவிடலாம். மற்றது, முகத்தை வெள்ளையாக்கி வழுவழுப்பாக்குவது. பரு, தழும்பு, சுருக்கம், கண்ணுக்குக் கீழேயுள்ள கறுப்பு எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டும். வன்னி வெய்யிலில் நின்று நின்று கறுத்த மனிதர்கள் எங்கள் கையால் பால்கட்டிபோல வெளியே போனார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அதைச் செய்து செய்துதான் மவுஸ் என் சொல்லைக் கேட்கத் தொடங்கியது.

அப்படி ஒரு சனிக்கிழமை கனகராயன்குளத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்குப் புதுத் தாலி. கலியாண வீட்டில் எடுத்த குடும்பப் படத்தில் இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும் என்றார்கள்.

"மேலையோ, கீழையோ?" என்று அண்ணை கேட்டார்.

"இவர் மேலை." அந்த அம்மா தன் கணவரின் படத்தை மேசையில் வைத்தார். நோய் வருத்தத்தில் இறந்தவர். அடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த சின்னப் படமொன்றை எடுத்தார். "மகன் கீழை."

"மகன் வெளிநாட்டிலையோ அம்மா?"

"தெரியேல்லை தம்பி."

அண்ணை பேனையை மேசையில் வைத்தார். வன்னிப் போரின் கடைசிச் சண்டைக்குள் கூட்டத்தோடு கூட்டமாகப் பிரிந்து போனவர், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை என்பதை மகள்தான் மெதுவாகச் சொன்னாள். அந்தச் சின்னப் படத்தில் பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். தோளுக்குக் கீழே வெட்டுப்பட்ட படம். வேறு படமே இல்லை.

வேலையை நான்தான் செய்தேன். தகப்பனை மேகத்துக்குள் ஏற்றினேன். மகனுக்கு வேட்டி சால்வை உடம்பொன்றைப் பொருத்தி, மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன். வெட்டிய அடையாளமே தெரியவில்லை. அண்ணை பார்த்துவிட்டு "அந்த மாதிரி!" என்று மெச்சினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த கிழமை தாயோடு வந்த மகள் திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். "அம்மா, அண்ணா எனக்குத் தம்பி மாதிரியெல்லே நிக்கிறார்" என்றாள்.

உண்மைதான். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த தங்கைக்குப் பக்கத்தில் பத்தொன்பது வயது அண்ணன் நின்றான். வெட்டு ஒட்டு தெரிகிறதா என்று மட்டும் பார்த்த எனக்கு அது கண்ணில் படவேயில்லை.

"இவனுக்கு இப்ப முப்பத்தைஞ்சு" என்றார் அந்த அம்மா. "கீழை நிக்கிற ஆளுக்கு வயசு போகாதோ பிள்ளை?"

அண்ணை நல்ல மனதோடுதான் சொன்னார்: "அம்மா, குறை நினைக்காதேங்கோ. மேலை வைச்சா வயசுப் பிரச்சினை வராது."

அந்த அம்மா கோபப்படவில்லை. மேசையில் இருந்த சின்னப் படத்தை எடுத்து உறைக்குள் போட்டார். பையைத் திறந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. "அம்மா, வையுங்கோ. நான் அண்ணாக்கு வயசு வைச்சுத் தாறன்" என்று சொல்லிவிட்டேன். எப்படி வைப்பது என்று எனக்கு ஒரு துளியும் தெரியாது.

அவர்கள் போனதும் அண்ணை என்னைப் பார்த்தார். "கலியாண அல்பம் அச்சுக்குப் போக முதல் முடி தங்கச்சி. ஏலாட்டி மேகந்தான், இல்லாட்டி அந்தாள் படத்திலையே இல்லை. வாக்குக் குடுத்தது நீ."

முதலில் குறுக்கு வழியைத்தான் தேடினேன். ஆட்களைக் கிழவராக்கிக் காட்டும் செயலி ஒன்று கைபேசியில் இருந்தது. படத்தைப் போட்டேன். பஞ்சுத் தலையோடு ஒரு வெள்ளைக்காரத் தாத்தா வந்தார். அடுத்து, வேறொருவரின் நெற்றிச் சுருக்கங்களை வெட்டி எடுத்து ஒட்டினேன். பள்ளிக்கூட நாடகத்தில் கிழவன் வேஷம் போட்ட பெடியன் போல இருந்தது. இணையத்தில் பாடம் தேடினால் எல்லாரும் சுருக்கத்தை எடுக்கத்தான் சொல்லித் தருகிறார்கள், வைக்கச் சொல்லித் தர ஒருவரும் இல்லை. சரி, அவர்கள் எடுக்கிறதை எல்லாம் நான் வைக்கிறேன் என்று அந்தப் பாடங்களையே தலைகீழாகப் பார்த்தேன். அப்படியும் வந்தது வயது போன ஒரு முகம்தான். அந்த வீட்டுப் பிள்ளையின் முகம் வரவில்லை.

பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, முன்னால் இருந்தவரின் பக்கவாட்டு முகத்தைப் பழக்கதோஷத்தில் கொப்பியில் கீறிக்கொண்டிருந்தேன். தாடைக்குக் கீழே தசை தொங்கும் இடத்தை ஒரே கோட்டில் போட்டது கை. அப்போதுதான் எனக்கு என் மீதே எரிச்சல் வந்தது. தெரிந்த வேலையை வீட்டில் வைத்துவிட்டுத் தெரியாத வேலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் வரைதல் தாள்களோடு கனகராயன்குளத்தில் போய் இறங்கினேன். "உங்களை எல்லாரையும் கீற வேணும் அம்மா" என்றேன். முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழே கதிரை போட்டுத் தந்தார்கள். அந்த அம்மாவைக் கீறினேன். மகளைக் கீறினேன். வயலால் வந்த அந்த அம்மாவின் தம்பியையும் பிடித்து இருத்திக் கீறினேன். சுருக்கம் என்பது கடைசி வேலை என்று அப்போது விளங்கியது. அந்தக் குடும்பத்தில் வயது முதலில் கண் இமையில் இறங்குகிறது. பிறகு நெற்றியின் இரண்டு பக்கமும் முடி பின்வாங்குகிறது. மூக்கோரத்துக் கோடு ஒருபக்கம் மட்டும் ஆழமாக விழுகிறது, ஏனென்றால் எல்லாரும் ஒருபக்கமாகவே சிரிக்கிறார்கள்.

பிறகு அந்தச் சின்னப் படத்தைப் பார்த்து அண்ணனைக் கீறத் தொடங்கினேன். தாயும் மகளும் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள்.

"மீசை வைச்சிருப்பான்" என்றார் தாய்.

"அண்ணாக்கு மீசை பிடிக்காதம்மா."

"அது அப்ப. முப்பத்தைஞ்சு வயசில மீசையில்லாமல் திரிவானோ? தகப்பன் வைச்சிருந்தவர்தானே."

"அப்பா மாதிரி வைச்சா ஒரு பெட்டையும் பாராது."

"நீ சும்மா இரடி."

மீசைக்காக இருவரும் உண்மையாகவே சண்டை பிடித்தார்கள். பென்சிலைப் பிடித்தபடி நான் காத்திருந்தேன். கடைசியில் அந்த அம்மாவின் தம்பி குசினிக்குள்ளிருந்து தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, "சின்ன மீசையாப் போடு பிள்ளை, பிடிக்காட்டி அவன் வந்து வழிக்கட்டும்" என்றார். மூவரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

புறப்படும்போது அந்த அம்மா பஸ் தரிப்பிடம் வரை வந்தார். "எங்கையாவது வேலைவெட்டி செய்துகொண்டிருப்பான். வெய்யிலுக்கை நிண்டிருப்பான். வெள்ளையாக்கிப் போடாதேங்கோ" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும், இதைச் செய்து முடிக்காமல் கணினிக்கு முன்னால் இருந்து எழும்புவதில்லை என்று எனக்குள் முடிவெடுத்தேன்.

படத்தொகுப்பில் லேயர் என்று ஒன்று உண்டு. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போல. ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு வேலையைச் செய்யலாம், மற்றவை கெடாது. இமைக்கு ஒன்று, நெற்றிமுடிக்கு ஒன்று, மூக்கோரக் கோட்டுக்கு ஒன்று, மீசைக்கு ஒன்று, வெய்யிலுக்கு ஒன்று என்று அடுக்கினேன். பென்சிலில் கீறியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மவுசால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். பிழைத்தால் அழித்தேன். திரும்பவும் இழுத்தேன். எனக்கு விரல் வலித்தது, அண்ணைக்குப் பொறுமை போனது. நான் விடவில்லை. அல்பம் அச்சுக்குப் போக வேண்டிய நாளுக்கு முதல்நாள் அவர்களை வரச் சொன்னேன்.

அந்த அம்மா திரைக்கு முன்னால் கதிரையில் இருந்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். நான் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் பிள்ளை இவன் இப்பிடி மெலிஞ்சு போனான்?" என்றார்.

நான் பென்சிலில் கீறிய தாளை எடுத்துக் கன்னத்தைத் திரும்பப் பார்த்தேன்.

"நேரத்துக்குச் சாப்பிடுறேல்லைப் போல. கன்னத்துக்குக் கொஞ்சம் போடுங்கோ."

கன்னத்துக்குச் சதை வைத்தேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். வைத்தேன். "காணும், காணும். இனிச் சரி" என்றார். படத்தில் தங்கைக்குப் பக்கத்தில் அவளுடைய அண்ணன் நின்றான்.

அவர்கள் வெளிக்கிடும்போது அண்ணை வழக்கம்போலச் சொன்னார்: "எல்லாத்தையும் ஒண்டாக்கிப் போட்டு லேயரை அழி தங்கச்சி. இதிலை இடமில்லை."

"அழிக்க மாட்டன்" என்றேன். அண்ணையை எதிர்த்து நான் பேசிய முதல் பேச்சு அது.

வாசலில் நின்ற அந்த அம்மாவும் திரும்பினார். "அழிக்காதேங்கோ தம்பி. மகளுக்குப் பிள்ளை குட்டி பிறந்தா இவன் நிக்க வேணுமே. அப்ப இன்னும் வயசு போயிடும்."

அந்தக் கோப்பு இன்றும் என்னிடம் இருக்கிறது. படிப்பு முடிந்து, தவணைக்கு வாங்கிய என் சொந்தக் கணினியில் முதலில் ஏற்றியது அதைத்தான். காதோரத்து நரையைப் புதிதாக ஒரு லேயரில் வரைந்து, வயது போகும்போது காட்டுவதற்காக மறைத்து வைத்திருக்கிறேன்.

போன கிழமை அந்த அம்மா தொலைபேசியில் கதைத்தார். மகளுக்குப் பெண் குழந்தை. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் படம் எடுக்கப் போகிறார்களாம். "இந்த முறை நிக்கிறது காணாது பிள்ளை. மாமன்காரன் மருமகளைத் தூக்கி வைச்சிருக்க வேணும்" என்றார்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். முகம் இருக்கிறது. நரை இருக்கிறது. பிள்ளையைத் தூக்கக் கை இல்லை. அந்தப் பழைய படத்தில் தோளுக்குக் கீழே ஒன்றும் இல்லை, கலியாணப் படத்தில் இருப்பது யாரோ ஒருவருடைய கை. பிள்ளையை யாரோ ஒருவருடைய கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. திரும்ப அழைத்து, மகனுடைய கை எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"அவனுக்கு என்ர கையெல்லே" என்றார்.

"அப்ப நாளைக்கு வாறன் அம்மா. பேத்தியைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருங்கோ, கீறுறன்" என்றேன்.