அங்கம்மா அலமாரியைக் காலி செய்தாள்

எங்கள் மேல்வீட்டு அங்கம்மாவின் சமையல்கட்டுச் சுவர் என்ன நிறம் என்று அந்த வீட்டிலேயே யாருக்கும் தெரியாது. ராயபுரம் ஹவுசிங் போர்டில் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுச் சமையல்கட்டுதான். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே போக வேண்டும். அங்கம்மா வீட்டில் ஒரு ஆளே பக்கவாட்டில்தான் நுழைய முடியும். பால்பவுடர் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, கல்யாண வீட்டில் கொடுத்த எவர்சில்வர் டப்பா, பிரியாணி வாங்கி வந்த பிளாஸ்டிக் டப்பா, அதற்கு மேலே கட்டுக்கட்டாகக் கேரி பேக். ஒரு டப்பாகூடச் சும்மா இருக்காது. எதில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் கிறிஸ்டினா, முதல் மாடி. ரயில்வேயில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்துவிட்டு, என் பொறுமையை அந்தக் கவுன்டரிலேயே விட்டுவிட்டு வந்தவள். இருபது வருஷமாக அங்கம்மாவிடம்தான் மீன் வாங்குகிறேன். அவள் என்னை ஏமாற்றியதில்லை, மரியாதையாகப் பேசியதுமில்லை. "கைய எடும்மா, அமுக்கி அமுக்கிப் பாத்தா மீனு இன்னாத்துக்கு ஆவும்" என்பாள். அவளுக்கு வயது ஐம்பத்தாறு. காசிமேட்டு மார்க்கெட் வாசலில் இடது பக்கம் மூன்றாவது இடம் அவளுடையது. மற்றவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். அவள் மூன்றடி தள்ளி நின்றபடியே "இது நேத்து மீனு" என்று சொல்லிவிடுவாள், அது நேற்று மீனாகத்தான் இருக்கும். கெட்டுப்போனதை விற்கமாட்டாள். சாயங்காலம் எது மிஞ்சினாலும் பூனைகளுக்குப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவாள்.

வீட்டு டப்பாக்களுக்கு ஒரு காரணம் உண்டு. ஏப்ரல் பதினைந்திலிருந்து இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்தத் தடைக்காலத்தை ஓட்ட, மீனவர் வீட்டுப் பெண்கள் தை மாதத்திலிருந்தே அரிசி, வெல்லம், ரவை, சேமியா, கருவாடு, ஊறுகாய் என்று சேர்ப்பார்கள். சேர்த்ததைப் படகு கிளம்புவதற்குள் தின்று தீர்த்துவிட வேண்டும் என்பது வழக்கம். அங்கம்மா வழக்கத்தில் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டாள், சேர்ப்பாள், தீர்க்கமாட்டாள். இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பர் புயலில் தரைவீடுகளில் தண்ணீர் ஏறியபோது, மூன்று நாள் எங்கள் மாடிப்படி முழுக்க அவள் டப்பாக்களிலிருந்துதான் சாப்பிட்டது. நானும் சாப்பிட்டேன். அதற்கப்புறம் அவளிடம் போய் யார் என்ன சொல்ல முடியும்? டப்பாக்கள் இரண்டு மடங்காயின.

போன மார்கழியில் வஞ்சிரம் வெட்டும்போது கட்டைவிரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டாள். அருவாமனையைத் திட்டினாள். தை பிறந்ததும் ஒருநாள் எனக்குச் சங்கரா மீன் கொடுத்தாள். வீட்டில் வந்து பார்த்தால் கண் குழிந்து, செவுள் வெளுத்துக் கிடந்தது. திரும்பக் கொண்டுபோய் நீட்டினேன். அவள் அந்த மீனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். சண்டைக்கு வருவாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் வேறு மீன் எடுத்துக் கொடுத்தாள். எனக்கு அது கஷ்டமாக இருந்தது.

போர்டு படிக்க ஆள் வேண்டும் என்று கண் ஆஸ்பத்திரிக்கு என்னைத்தான் கூட்டிப் போனாள். பங்குனி வெயில். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஆனால் சுகர் முந்நூற்று நாற்பது. இருநூறுக்குக் கீழே வந்தால்தான் கண்ணில் கை வைப்போம் என்று மாத்திரையை மாற்றிக் கொடுத்து, மே இருபதாம் தேதிக்குப் பெயர் எழுதினார்கள். அன்றைக்கும் இறங்காவிட்டால் அடுத்த இடம் ஆவணியில்தான். படகுகள் ஜூன் பாதியில் கிளம்பிவிடும். ஆவணிவரைக்கும் மார்க்கெட் வாசலில் ஒரு இடம் யாருக்காகவும் காலியாக இருக்காது. அதை அங்கம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அங்கே ரிஃபானா என்ற பெண் இருந்தாள். என் கடைசி மகள் வயதுதான் இருக்கும். எனக்கு உபதேசம் செய்கிறவர்களைக் கண்டாலே ஆகாது, இவள் உபதேசம் செய்யவில்லை.

"லிஸ்ட் குடுத்தா மடிச்சு மணிபர்ஸுல வெச்சுப்பீங்கம்மா. மொதல்ல சமையல்கட்டக் காலி பண்ணுங்க. கண்ணுக்கு முன்னாடி இருக்கறதுதான் வாய்க்குப் போவும். நீங்க சாப்பிடக் கூடாதது எதுவும் வீட்ல இருக்க வேணாம். யாருக்காவது குடுத்துடுங்க, பழசா இருந்தா குப்பையில போட்டுடுங்க."

அங்கம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆட்டோவில் ஏறியதும் வாயைத் திறந்தாள்.

"துன்ற பொருளத் தூக்கிப் போடணுமாம். அந்தப் பொண்ணு என்னிக்குனா புயலுல குந்திகினு இருந்திருக்குமா? குடுக்கணுமாம். பழச எட்த்துப் போயி ஒர்த்திகிட்ட குடுத்தா, நாளைக்கு தெருவே சிரிக்கும்."

ஆனால் கண் வேண்டும். காலி பண்ணித்தான் ஆக வேண்டும். அதனால் அவள் வழக்கத்தின் இரண்டாவது பாதியைக் கையில் எடுத்தாள். இந்த வருஷம் தடைக்காலத்துக்குப் புதிதாக எதுவும் வாங்குவதில்லை, இருப்பதைத் தின்றே தீர்ப்பது. புதன்கிழமை சேமியா பாயசம், ஞாயிற்றுக்கிழமை கேசரி, நடுவில் ஜவ்வரிசிக் கஞ்சி, வடகம், கருவாட்டுக் குழம்பு, தீபாவளிக்கு வந்த மிக்சர். ஒவ்வொரு டப்பாவாகக் கழுவிக் கவிழ்த்தாள். மூன்றாவது வாரத்தில் பாதி டப்பா குறைந்து சுவர் தெரிந்தது. பாசிப்பச்சை. வண்ணாரப்பேட்டையில் துணிக்கடையில் வேலை பார்க்கிற மருமகள் வினிதா அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தாள். நான் மேலே போய்ப் பார்த்துவிட்டு, "இப்பதான் வீடு மாதிரி இருக்கு" என்று பாராட்டிவிட்டு வந்தேன். எனக்கும் புத்தி அவ்வளவுதான்.

ஏப்ரல் இருபதாம் தேதி பரிசோதனைக்குப் போனோம். இந்த முறை அவள் புருஷன் பொன்னுரங்கமும் வந்தார். ஒரு காலத்தில் படகில் சமையல்காரராகப் போனவர், இப்போது கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். சுகர் முந்நூற்று எழுபத்திரண்டு என்று வந்தது.

"மெஷினு கலீஜு" என்றாள் அங்கம்மா. "வேற மெஷின்ல வெச்சுப் பாருமா."

ரிஃபானா வேறு மெஷினிலும் வைத்துப் பார்த்தாள். பிறகு, இந்த ஒரு மாதமாக என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். அங்கம்மா பாயசத்திலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள், வேலை முடித்தவள் சொல்கிற மாதிரி. ரிஃபானா சிரிக்கவில்லை.

"இதெல்லாம் வீட்ல எல்லாரும் சாப்பிட்டீங்களா?"

பொன்னுரங்கம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாங்க ஆளுக்கு ஒரு கரண்டி. மிச்சம் அத்தினியும் அவதான்."

"பின்ன?" என்று பாய்ந்தாள் அங்கம்மா. "மிஞ்சறத குப்பத்தொட்டில கொட்ட சொல்றியா? எப்பவும் நாந்தான துன்றேன்!"

அது நிஜம். அந்த வீட்டில் அவள் தட்டு போட்டுச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. புருஷன், மகன் வெற்றி, மருமகள் எல்லோரும் எழுந்த பிறகு, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆறிப்போனதை வழித்துச் சாப்பிடுவாள். அடிச்சோறு இரண்டு பிடி இருந்தாலும் சரி, ஆறு பிடி இருந்தாலும் சரி, சட்டி காலியாகும்வரை சாப்பாடு. அதைப் பசி என்று யாரும் கணக்கில் வைத்ததில்லை. என் வீட்டிலும் என் கதை இதுதான், ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

"பாதி அலமாரி காலியாயிடுச்சும்மா" என்றாள் ரிஃபானா. "அதுல இருந்ததெல்லாம் உங்க ஒடம்புக்குள்ள போயிடுச்சு."

திரும்பி வந்து நானும் அவர்களோடு மேலே ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் அங்கம்மா கோபத்தோடு ரவை டப்பாவை இழுத்தாள், உப்புமாவாவது கிண்டலாம் என்று. வினிதாவுக்கு அன்றைக்கு லீவு. பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் மாமியாரின் கையைப் பிடித்தாள்.

"அத்தே, இரு. இதுல வண்டு கீது."

"எங்க?"

"தோ, ஊந்துகினு கீது பாரு."

அங்கம்மா டப்பாவை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். முகத்தருகே வைத்தாள், தள்ளி வைத்தாள். கடைசியில் கையை உள்ளே விட்டு அளைந்தாள். வண்டு விரலில் ஏறியது. மூன்றடி தள்ளி நின்று மீனின் வயதைச் சொன்னவள் அவள்.

"ஞாயித்துக்கெழம கேசரி இதுலதான் செஞ்சேன்" என்றாள். "மிஞ்சினத நான்தான் துன்னேன்."

பொன்னுரங்கம் மெதுவாகக் கேட்டார்: "மார்க்கெட்ல இந்த மாரி ஒண்ணு வந்தா இன்னாமே பண்ணுவ?"

"பூனைக்குப் போட்டுடுவேன்."

"நம்ம வூட்டுல மட்டும் நீ துன்றியே."

அங்கம்மா தரையில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மார்க்கெட்டில் உட்காருகிற மாதிரி ஒரு காலை மடக்கி உட்கார்ந்தாள். "வினிதா, ஒவ்வொண்ணா எட்த்தா. தேதியப் பட்ச்சு சொல்லு."

வினிதா படித்தாள். சேமியா, போன வருஷம் ஜூன். "போடு." ஊறுகாய், பூசணம். "போடு." பால்பவுடர், புயலுக்கு முந்தின தேதி. "அய்யே, போடு." நல்லதாக இருந்த சர்க்கரையும் வெல்லமும் பிரிக்காத பாக்கெட்டுகளும் படியிறங்கி வேறு வீடுகளுக்குப் போயின. தெரு சிரிக்கவில்லை, வாங்கிக்கொண்டது. பழைய கிறிஸ்துமஸுக்கு நான் கொடுத்த கேக் ஒன்று கல்லாகிக் கிடந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "போடு" என்று நானே சொன்னேன். குப்பை வண்டிக்காரர் இரண்டு நடை வந்து எடுத்துப் போனார்.

கடைசியில் ஆறு டப்பா மிஞ்சியது. அரிசி, கேழ்வரகு மாவு, துவரம்பருப்பு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மிளகாய்த்தூள். கண்ணுக்கு நேரான தட்டில் ஒரு கூடை வைத்து, வெள்ளரிக்காயும் கொய்யாவும் போட்டாள் வினிதா. கீரையும் காயும் அன்றன்றைக்கு. தடை இல்லாத சின்னப் படகுகள் கொண்டுவருகிற காரப்பொடி மீனும் நெத்திலியும் கொஞ்சம். பெரிய சோற்றுச்சட்டியைப் பொன்னுரங்கம் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய பாத்திரக் கடையில் கொடுத்துவிட்டு, பாதி அளவில் ஒன்று வாங்கி வந்தார். அந்த வருஷம் அவராகச் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

சுலபமாக ஒன்றும் நடக்கவில்லை. முதல் வாரம் அங்கம்மா எல்லோரோடும் சண்டை போட்டாள், என்னோடு இரண்டு தடவை. அது பசியால் இல்லை, கைக்குப் புது வழக்கம் பழகவில்லை. சட்டியில் ஒரு பிடி சோறு மிஞ்சிவிட்டால் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பொன்னுரங்கம் அதை வழித்து, படியடிப் பூனைக்குக் கொண்டுபோய்ப் போடுவார். பதினைந்து நாளில் சட்டியில் மிஞ்சுவதே நின்றது.

மே இருபதாம் தேதி காலையில் சுகர் நூற்று எழுபத்தாறு. அங்கம்மா அந்த மெஷினைத் திட்டவில்லை. அன்றைக்கே வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பினார்கள். ஆட்டோவில் வரும்போது கடைப் பெயர்களின் நிறத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். "அந்த செவப்பு போர்டு இன்னா கட?" என்று என்னைப் படிக்கச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டில் பொன்னுரங்கம் சமைத்து வைத்திருந்தார். வெற்றியும் வினிதாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். அங்கம்மாவைப் பார்த்ததும் ஒரு தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"நீ துன்னுட்டு வாய்யா. நான் அப்பால துன்றேன்."

"குந்துமே."

அவள் என்னைப் பார்த்தாள். நான் எனக்குச் சம்பந்தமில்லை என்று சுவரைப் பார்த்தேன். அவள் உட்கார்ந்தாள். அவர் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியிலிருந்து அளவாகச் சோறு வைத்தார், பக்கத்தில் கீரை வைத்தார், நெத்திலிக் குழம்பை மேலாக எடுத்து ஊற்றினார். அங்கம்மா பிசையக் குனிந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"யோவ்" என்றாள். "கண்ணு போச்சுய்யா. மறுபடியும் வெள்ளையாத் தெர்து."

கீழே போன ஆட்டோவைக் கூப்பிட நான் எழுந்தேன். பொன்னுரங்கம் எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, தோளில் கிடந்த துண்டில் துடைத்தார்.

"ஆவிமே" என்றார். "சோறு சூடா கீது. அதான்."

அங்கம்மா தட்டைப் பார்த்தாள். ஆவி போய்க்கொண்டிருந்தது. எத்தனையோ வருஷமாக அந்த வீட்டுக்குச் சோறு வடித்தவள், தன் தட்டிலிருந்து ஆவி எழுந்து பார்த்ததில்லை. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிட்டார். "ஆற வுடாதமே" என்றார். "துன்னு."