ஒரு சாண் குறைந்த திரை

என் கை நீளம் எனக்கே தெரியாமல் இருந்த மடையன் நான். பிறர் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது கௌரவம். முக்கூடல் சந்தையில் துணி விற்ற காலத்தில், "அண்ணாச்சி, ஒங்க கையால முழம் போடுங்க" என்று பெண்கள் சூழ்ந்து நிற்பார்கள். என் மீசைக்குத்தான் இந்தக் கூட்டம் என்று நினைத்துக்கொள்வேன். என் முழம் ஊரார் முழத்தைவிட இரண்டு விரற்கடை கூடுதல் என்பது அவர்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

பிறகு திருநெல்வேலி டவுணில் கடை போட்டு, வீடுகளுக்குத் திரைச்சீலை, மெத்தை, திண்டு உறை எல்லாம் செய்து கொடுக்கத் தொடங்கினேன். தைத்தவர் பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் தையல் படித்த ஓர் அக்கா. துணி என்னுடையது, மூளை அவருடையது.

அந்த மூளையை என்ன சொல்ல! எந்த வீட்டுக்குப் போனாலும் உடனே துணியை விரிக்க மாட்டார். ஒரு மூலையில் உட்கார்ந்து, வெயிலும் காற்றும் எப்படி உள்ளே வருகின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஏரலில் ஒரு வியாபாரி வீட்டில் ஆற்றுக்காற்று திரையைத் தூக்கித் தூக்கி அடித்தது. அடிமடிப்புக்குள் புளியங்கொட்டைகளை வைத்துத் தைத்தார். திரை அடங்கிவிட்டது. ரத வீதியில் ஒரு வீட்டுக்கு நான் வெள்ளைவெளேரென்று மல் துணியை எடுத்துக் காட்ட, "தேரோட்டத்துக்கு வார புழுதி நெறத்துலயே எடுங்க அண்ணாச்சி" என்றார். அந்தத் திரையில் அழுக்குப் படிந்ததை நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் பாளையங்கோட்டையில் ஒரு வாத்தியாருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். அவர் வீடு திரும்புவதற்குள் மேற்குவாசலுக்குக் கனத்த திரை வேண்டும் என்றார் அவர் மனைவி. ஏரல் வியாபாரி வீட்டுத் திண்டு உறை வேலையில் அக்கா மும்முரமாக இருந்ததால் அளவெடுக்க நான் மட்டும் போனேன். அளவு நாடாவை டவுணிலேயே மறந்துவிட்டேன். அதற்காக ஆற்றைத் தாண்டித் திரும்பிப் போவதா? கை இருக்கிறதே! அளந்து, 'ஐந்து முழம்' என்று அக்காவுக்கு எழுதிக் கொடுத்தேன்; அவர் ஊர் முழத்துக்கு வெட்டித் தைத்தார்.

தைத்த திரையை மறுவாரம் சாயங்காலம் மாட்டினோம். தரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே வெயில் கட்டில்கால் வரை வந்து படுத்துக்கொண்டது.

வாத்தியார் மனைவி பதறிப்போய்க் குனிந்து அந்த இடைவெளியைக் காட்டினார். "காலையில அவுகளக் கூட்டிட்டு வாராக. ஒரு பொட்டு வெயிலும் கண்ணுல படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரே!"

அக்கா திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எத வச்சு அளந்தீக?"

"கைய வச்சுத்தான்..."

"ஒங்க கையவா?"

அதற்குமேல் திட்டக்கூட அவருக்கு நேரமில்லை. ஏரல் திண்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய கருநீலத் துணியைப் பையிலிருந்து எடுத்தார். தரையில் உட்கார்ந்து, விளக்கு வைப்பதற்குள் திரையின் அடியில் ஒட்டுக் கொடுத்து முடித்தார். தையல் எங்கே என்று நானே தேட வேண்டியிருந்தது. சேலைக்குக் கரை போல ஒட்டு அவ்வளவு எடுப்பாக அமைந்துவிட்டது.

மறுநாள் நாலு மணிக்கு நானும் அக்காவும் கூலி வாங்கப் போயிருந்தபோது, கட்டுப் பிரித்த கண்ணோடு வாத்தியார் அந்த வாசல் பக்கம் திரும்பினார். அவர் மனைவி திரையின் ஓரத்தை இழுத்துவிட்டார்.

"ஏட்டி, மானத்துல மேகம் மூடிருக்கா?" என்றார் வாத்தியார்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்த அம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "இந்த நீலக்கரையும் அம்புட்டு அழகா இருக்கே!" என்று எங்களிடம் சொன்னார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? அக்கா பக்கம் திரும்பி, "என்னக்கா, இந்த அழகுல என் கையும் இருக்குல்லா?" என்றேன்.

"அடுத்த வீட்டுக்கு நாடாவக் கொண்டு வாங்க."