சுடுதண்ணீர் அலமாரியில் வைத்த பியர்

அன்று என் சமையலறையில் இருந்தவர்கள்: நான், முத்து, முத்துவின் மனைவி சரோஜா. மூன்றே பேர். நாற்காலி மட்டும் ஆறு போட்டிருந்தேன், வீடு வெறிச்சென்று தெரியக் கூடாதே என்று. மூன்று காலி நாற்காலி இருந்தால் இன்னும் வெறிச்சென்றுதான் தெரியும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

முத்து கிள்ளான்காரர். நான் ஈப்போ. ஊரை விட்டு இந்தத் தெற்குக் கோடி நாட்டுக்கு வந்து, மனுகாவில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்று டின் நிரப்பியவர்கள். என் மனைவி இறந்த பிறகு இந்த கிளென் ஈடன் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் அவர்தான். அவர் குடும்பத்தோடு பிரிஸ்பேனுக்குப் போகிறார் என்று தெரிந்தபோது மூன்று வாரம்தான் இருந்தது.

வழியனுப்ப என்ன கொடுப்பது? கடை பியரை யாரும் கொடுக்கலாம். நானே வீட்டில் போட்டுக் கொடுக்கலாம் என்று கிளம்பினேன்.

பியர் சாமான் கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். மால்ட் டின்னின் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒரு ஈஸ்ட் பாக்கெட் இலவசமாக வரும். அதைத் தூக்கிப் போடச் சொன்னார். எத்தனை மாதம் எந்த வெயிலில் கிடந்ததோ! பிரிட்ஜிலிருந்து வேறு பாக்கெட் எடுத்து, தேதியைக் காட்டினார். லாகர் வகை பியரின் ஈஸ்டுக்குக் குளிர் வேண்டும், உனக்கு ஏல் வகை ஈஸ்ட்தான் சரி என்றார். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் தூவு, கால் மணி நேரம் தொடாதே, அப்புறம் கலக்கி ஊற்று. இருபது டிகிரிக்கு மேல் போக விடாதே. பாட்டிலில் அடைத்து நாலு வாரமாவது வை.

நாலு வாரமா? எனக்கு மொத்தமே மூன்றுதானே!

நான் படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். எதையும் எழுதி வைக்காவிட்டால் பயம். எழுதி வைத்தால், சரியாக எழுதினேனா என்று பயம். மூன்று முறை திருப்பிக் கேட்டேன். பெரியவர் சிரித்தார். “கவலைப்படாதே, மேட். ஈஸ்டுக்கு அதன் வேலை உன்னைவிட நன்றாகத் தெரியும்.”

கேட்டேனா? மால்ட்டைக் கரைத்த பிளாஸ்டிக் டிரம்மில் ஈஸ்டை ஊற்றிய மறுநாள் காலை, அதன் மூடியில் சொருகிய சின்னக் குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை. இங்கே ஜூலை என்றால் குளிர்காலம், வீட்டுக்குள்ளும் குளிர். செத்துவிட்டதா? தண்ணீர் சூடு அதிகமோ? வேலைக்குப் போகிற வழியெல்லாம் இதே யோசனை...

சாயங்காலம் வந்ததும் டிரம்மைத் தூக்கிச் சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கிற அலமாரிக்குள் வைத்தேன். குளிர்காலத்தில் என் மனைவி இட்லி மாவு வைக்கிற இடம். மாவு பொங்கி வழியும். புளிப்பது எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் ‘ளொக்’ என்றது. அப்புறம் நிற்கவே இல்லை. அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். டிவி போடத் தோன்றவில்லை. வீட்டுக்குள் என்னைத் தவிர இன்னொன்று சத்தம் போட்டு எத்தனை நாளாயிற்று!

ஐந்தாம் நாள் அடங்கியது. இருபத்தெட்டு பாட்டிலில் அடைத்தேன். பத்தே நாளில், அவர்களை வழியனுப்பக் கூப்பிட்டிருந்த சனிக்கிழமை வந்துவிட்டது.

முத்து கிளாசை மூக்கருகே கொண்டு போனார். நிறுத்தினார்.

“அண்ணே, இது பியரா, பீசாங்கா?”

“வாழைப்பழம் மட்டும் இல்லை லா, நெயில் பாலிஷும் இருக்கு,” என்றாள் சரோஜா.

“நீ சும்மா இரு. அண்ணன் ராத்திரி பகலா கண்ணு முழிச்சுப் போட்டிருக்காரு.” ஒரே மூச்சில் குடித்தார். கண்ணில் தண்ணீர். “நல்லாதான்ணே இருக்கு. ஆனா ஒன்னு, பிளைட்ல எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க பேரைத்தான் சொல்லுவேன்.”

மூவரும் சிரித்தோம். அப்புறம் தேநீர் போட்டேன். பெட்டி கட்ட வேண்டும் என்று ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, மீதி பாட்டில்களைச் சிங்க்கில் கொட்டிவிடலாம் என்று ஒன்றைத் திறந்தேன். முத்து போய் ஏழு வாரம். கொட்டுவதற்கு முன்னால் ஒரு வாய்...

அந்த நெயில் பாலிஷ் நெடி இல்லை. வாழைப்பழ வாசனை லேசாக, தூரத்தில் நின்றது. நுரை அழகாக நின்றது. பியர்! சத்தியமாக பியர்! நான் பதறிக்கொண்டிருந்த நாளெல்லாம் அது பாட்டுக்குப் பாட்டிலுக்குள் வேலை பார்த்திருக்கிறது.

உடனே பிரிஸ்பேனுக்குப் போன் போட்டேன். சரோஜாதான் எடுத்தாள். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம்.

“அவரு வெளிய பாபிக்யூ போடறாருண்ணே. கூட வேலை செய்யறவங்க வந்திருக்காங்க. கூப்புடவா?”

“வேணாம்மா. சும்மாதான் போட்டேன்.”

“சாப்பிட்டிங்களா?”

“ஆமாம்மா, ஆச்சு.”

போனை வைத்துவிட்டு அந்த ஒரு பாட்டிலின் மிச்சத்தைக் குடித்தேன். ஆற அமர, நின்றுகொண்டேதான்.

கிளென் ஈடன் பக்கம் வருகிற வாசகர்கள் யாரும் கதவைத் தட்டலாம். அவசரமில்லை, மெதுவாகவே வாருங்கள்... அது கெடாது.