வேரோடு ஒரு கிலுகிலுப்பை

பரணைச் சுத்தம் செய்ய ஏறியவள், அந்துருண்டை வாசனை பட்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பழைய பெட்டிகளில் மற்றவர்களுக்குக் காதல் கடிதம் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது, பி.எஸ்ஸி. படிக்கும்போது காய்ந்த செடிகளைத் தாளில் தைத்து வைத்த ஹெர்பேரியம்.

எங்கள் பாட்டனி லேப் முழுக்க இதே வாசனைதான். டிபன் பாக்ஸில் தயிர்சாதம்கூட அந்துருண்டையாக மணக்கும். தாளில் பூ, காய், வேர் மூன்றும் இருக்க வேண்டும், வேர் அறுந்தால் மார்க் போச்சு என்பது எங்கள் சார் போட்ட சட்டம். ஆடாவது மேய்ந்த இடத்தில் வேரை விட்டுவிட்டுப் போகும். நாங்கள் அதையும் விடமாட்டோம்.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை, வல்லத்திராக்கோட்டைப் பக்கம் சரளைப் பொட்டலுக்கு எங்கள் எட்டுப் பேரையும் கூட்டிப்போனார். அங்கேதான் அந்தக் கிலுகிலுப்பையைப் பார்த்தோம். அவரைக் குடும்பம், காய் முற்றினால் உள்ளே விதை கிலுகிலுக்கும். வேலியோரத்தில் நெஞ்சுயரம் நிற்குமே, அது இல்லை. இது சாண் உயரம்தான். சுண்டுவிரல் நகமளவு மஞ்சள் பூ. ரொம்ப அபூர்வம், வேறெங்கும் நான் பார்த்ததில்லை என்றார் சார். அவ்வளவுதான், பாய்ந்துவிட்டோம். இருந்ததே எட்டுச் செடி. ஆவூர் ஸ்டெல்லா மட்டும் தன் பங்கைத் தொடவில்லை.

"ஒன்னாவது இருக்கட்டும்டி. மார்க் போனா போவுது."

எனக்கு வேர் பாதியில் அறுந்துவிட்டது. பஸ்ஸுக்கு நடக்கையில், தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டேன் என்று புளுகிவிட்டுத் திரும்பி ஓடினேன். மிஞ்சிய அந்த ஒன்றையும் பதமாகத் தோண்டி எடுத்து, நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். முழு மார்க் வாங்கினேன். வெட்கமே இல்லாமல் ஸ்டெல்லாவுக்கு ரோஸ்மில்க்கும் வாங்கிக் கொடுத்தேன்.

பரணிலிருந்தே அவளுக்குப் போன் போட்டேன். இப்போது ஸ்கூல் டீச்சர். பாவசங்கீர்த்தனம் செய்வதுபோல எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"தெரியும்டி. மறுவாரமே போயி குழியப் பாத்தேன். அந்தச் செடியில ரெண்டு காய் முத்தி நின்னுச்சுல்ல, வெதை அங்கிட்டு எங்கயாச்சும் செதறியிருக்கும்னு வருஷா வருஷம் மழை விட்டதும் போறேன். இன்னும் ஒன்னும் மொளைக்கல."

இந்த வருஷம் நானும் வாரேன்டி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பிறகு தாளைப் புரட்டிப் பார்த்தேன். மஞ்சள் போய்ப் பூ பழுப்பாகியிருந்தது. அதற்குக் கீழே, நூல் போட்டு நான் தைத்த இடத்தில், இரண்டு காயும் இருந்தன, வெடிக்காமல்.