லைட் ஹவுஸ் ஓரத்து எறா

மயிலாப்பூரில் எங்களுக்கு வீடு கிடைத்ததே பெரிய விஷயம். வீடு என்றால் முழு வீடு இல்லை. மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் ஒன்றரை அறை. தொண்ணூறுகளின் நடுவில் வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்களுக்கு அதுவே அரண்மனை. காட்டிய அன்றே வீட்டுக்கார மாமா கண்டிஷனைச் சொல்லிவிட்டார்.

"உங்காத்துக்காரர் நம்மவா, அவரைப் பத்திக் கவலையில்லே. நீங்க தூத்துக்குடிப் பக்கம்னு சொன்னா. கறி, மீன் எதுவும் இங்கே சமைக்கப்படாது. முட்டைகூட. வாசனை கீழே வந்துடும், கேட்டேளா."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், எங்கள் அம்மாவே சொல்வாள். இவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். பேசாமல் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

தூத்துக்குடியிலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த எங்கள் வீட்டில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. இவர் வீட்டில் வெங்காயத்துக்கே நாள் பார்ப்பார்கள். நந்தனத்தில் ஒரே ஆபீசில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்த பாவத்துக்கு நாங்கள் ரிஜிஸ்தர் ஆபீஸ் வரை போய்விட்டோம். எங்கள் அப்பா என்னைத் தலைமுழுகிவிட்டார். இவருடைய அம்மா ஒன்றும் பேசவில்லை. பேசியதெல்லாம் அவர்களுடைய உறவுக்காரர்கள்தான். சாப்பாட்டில் நான் ஏதோ மருந்து வைத்துக் கொடுத்து இவரை மயக்கிவிட்டேனாம். ஆபீஸ் கேன்டீனில் இவருக்கு நான் வாங்கிக் கொடுத்தது ஒரு டீயும் மசால்வடையும்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. ஆனாலும் அந்தப் பேச்சு என் காதுக்கு வந்த நாளிலிருந்து, இவருக்குச் சாதாரணமாக வயிறு வலித்தால்கூட எனக்குள் ஒரு பயம் எட்டிப் பார்க்கும்.

ஆக, எங்கள் குடித்தனத்தின் அசைவ அடுப்பு ரோட்டில் எரிந்தது. கையேந்தி பவன் என்று சென்னைக்காரர்கள் சொல்லும் தள்ளுவண்டிகள்தான் எங்களுக்குச் சமையலறை. மந்தைவெளியில் ஒரு வண்டியில் முட்டை தோசை போடுவார்கள். பரோட்டாவுக்கு லஸ் பக்கம் ஒருவர். தட்டின் மேல் வாழையிலைத் துண்டு, அதில் சால்னா, நின்றபடியே சாப்பாடு. எனக்காகத்தான் போக ஆரம்பித்தோம். நான் தின்பதைப் பார்த்துக்கொண்டு இவர் ஒரு சோடாவோடு நிற்பார்.

அப்புறம் ஒரு நாள், "ஆம்லெட் ஒரு விள்ளல் குடேன்" என்றார். நான் கொடுக்கவில்லை. "வேண்டாம்ப்பா, அப்புறம் அதுக்கும் என்னையத்தான் சொல்லுவாங்க" என்றேன். தானே ஒன்று சொல்லி வாங்கித் தின்றார். அதிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறினார். முட்டை, கோழி, வஞ்சிரம் மீன். தின்று முடித்ததும் சோம்பை மென்று, வாயை மூன்று தடவை கொப்புளித்து, சட்டையை மோந்து பார்த்துவிட்டுத்தான் எங்கள் மாடிப்படி ஏறுவார். "பரீட்சைக்குப் போற பையன் மாதிரி இருக்கீங்க" என்று கேலி செய்வேன். அவருக்கும் சிரிப்பு வரும்.

கடற்கரையில் லைட் ஹவுஸ் ஓரம் வரிசையாக மீன் வண்டிகள் நிற்கும். மசாலா தடவிய மீனைத் தட்டில் அடுக்கி, பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு அடியில் வைத்திருப்பார்கள். நாங்கள் வழக்கமாகப் போகும் வண்டியில் ஒரு அக்கா. அன்றைக்கு ஆபீஸ் முடிந்து நேராகப் போனோம். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

"வா கண்ணு. இன்னிக்கு எறா வந்துகீது. காலைல புட்ச்சது, புச்சா கீது" என்றாள் அந்த அக்கா.

"எனக்கு சங்கரா மீனே போதும்க்கா."

"நான் எறா சாப்பிட்டுப் பாக்கறேன்" என்றார் இவர்.

"முட்டைக்கே மூணு மாசம் யோசிச்ச ஆளு. இப்ப றால் கேக்குதோ?" என்றேன். எறாவை எங்கள் பக்கம் றால் என்போம்.

"எல்லாத்தையும் தாண்டியாச்சு. இதுல என்ன" என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

தட்டில் பாதி காலியாகும்வரை நன்றாகத்தான் இருந்தார். ருசி பிரமாதம் என்றுகூடச் சொன்னார். பிறகு உதட்டைத் தேய்த்துக்கொண்டார். காரம் என்றார். தண்ணீர் குடித்தார். கழுத்தைச் சொறிந்தார். காது இரண்டும் வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்திருந்தன. சட்டைக் கையைத் தள்ளிப் பார்த்தால் கை முழுக்கத் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது.

"என்னமோ பண்றதுடி" என்றார். குரல் அவருடைய குரலாக இல்லை. மூக்கையும் தொண்டையையும் யாரோ பிடித்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. கீழ் உதடு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது.

எங்கள் குடும்பத்தில் பல்லில்லாத குழந்தைக்குக்கூட றால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைப்போம். ஒருவருக்கும் இப்படி ஆனதில்லை. மீன்கார அக்கா எட்டிப் பார்த்து, "ஐயே, இது எறா ஒத்துக்காத ஒடம்பு. நிக்காத, டாக்டராண்ட இட்டுகினு போ" என்றாள். றால் ஒத்துக்காத உடம்பு என்று ஒன்று உண்டு என்பதையே நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். இவர் வீட்டில் எப்படித் தெரிந்திருக்கும்? தாத்தா, அவருக்குத் தாத்தா என்று ஒருத்தரும் றாலைத் தொட்டதில்லை. அந்த ரத்தத்தில் இது இருந்திருந்தாலும் யாருக்கும் தெரிய வழியில்லை.

ஆட்டோவை நான் கையை விரித்து மறித்தேன். டிரைவர் இவரைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, சரக்கு போட்டுகிறாரா?" என்றான்.

"இல்லண்ணே, மூச்சு முட்டுது. சீக்கிரம் போங்க."

"எங்க?"

அதுதான் கேள்வி. கச்சேரி ரோடு முனையில், குளத்துக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் இருந்தார். ஐந்து நிமிஷத்தில் போய்விடலாம். ஆனால் அவர் இவர் வீட்டுக் குடும்ப டாக்டர். இவர் பிறந்ததிலிருந்து ஊசி போட்டவர், இவருடைய அப்பாவோடு தினமும் வாக்கிங் போகிறவர். நான் கிளினிக்கின் பெயரைச் சொன்னதும் இவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அங்கே வேண்டாம். ஆத்துக்குத் தெரிஞ்சுடும்." நாக்குத் தடித்து, வார்த்தை வழவழவென்று வந்தது.

மூச்சு இழுக்கும்போது ஒரு விசில் சத்தம் கேட்டது. செத்துவிடுவார் என்று நினைத்தேன். என் பக்கத்தில், இந்த ஆட்டோவில், நான் கூட்டிப்போய் தின்ன வைத்ததைத் தின்று செத்தார் என்றுதான் சொல்வார்கள். மருந்து வைத்தாள், இப்போது விஷமும் வைத்தாள் என்பார்கள். இதை நினைத்ததற்கு எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறான், நான் பேச்சுக்குப் பயப்படுகிறேன்.

"அங்கேயே போங்கண்ணே" என்றேன்.

கச்சேரி ரோட்டில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். ஒரு பஸ் குறுக்கே நின்றது. டிரைவர் ஹாரனை அமுக்கியபடி பாதி உடம்பை வெளியே நீட்டி, "சீரியஸ் கேஸ் போய்க்கினுகீது, வயி வுடுபா" என்று கத்திக்கொண்டே வந்தான். நான் இவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறும்வரை என் மூச்சையும் பிடித்துக்கொண்டேன். தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன்.

கிளினிக்கில் பெஞ்சு நிறைய ஆட்கள். வரிசையை மதிக்காமல் நேராக உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்ததும் எழுந்துவிட்டார். "என்னடா இது கோலம்" என்றபடி பெஞ்சில் உட்காரவைத்து, ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தார்.

"என்ன சாப்பிட்டான்?"

இவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம், சொல்லாதே என்று. மூச்சு இல்லாத நேரத்திலும் அதற்கு மட்டும் பலம் இருந்தது. கதவு திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் மாடவீதி ஆட்கள். இட்லி என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் ஓடியது. டாக்டரின் கையில் ஊசி, அதில் இன்னும் மருந்து ஏற்றவில்லை.

"எறா" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது.

டாக்டர் மருந்து அலமாரியைத் திறந்தார். ஒரு குப்பியை உடைத்து இவருடைய தோளில் குத்தினார். இடுப்பில் இன்னொன்று. "சின்ன வயசுல இவனுக்கு வீஸிங் உண்டு, தெரியுமோ உனக்கு?" என்றார். எனக்குத் தெரியாது. கல்யாணம் ஆகி வருஷம் ஒன்றாகப் போகிறது, இவர் சொன்னதே இல்லை. இன்னும் எனக்குத் தெரியாதது இந்த உடம்பில் என்னென்ன இருக்கிறதோ என்று இவருடைய முதுகையே பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் விசில் குறைந்தது. நான் சுவரில் சாயப்போனேன். முதுகு சுவரில் படுவதற்குள் மறுபடி ஆரம்பித்துவிட்டது, முன்னைவிடக் கீழே, நெஞ்சுக்குள்ளிருந்து. டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். "ஆக்ஸிஜன் வேணும். ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போயிடலாம், நானும் வரேன். ஆத்துக்குச் சொல்லணும். நான் பேசவா?"

"நானே பேசறேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. யாரோ சொல்லி அவர்கள் என்னைப் பற்றிக் கேள்விப்பட்டது போதும் என்று இருந்திருக்கும்.

அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை தோறும் இவர் மஞ்சள் போர்டு போன் பூத்துக்குப் போய் அந்த நம்பரைச் சுற்றுவார். அம்மா "ஹலோ" என்பதைக் கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவார். நான் வெளியே நிற்பேன். இப்போது டாக்டர் மேஜையில் நானே சுற்றினேன். மணி அடித்தது. மாமியாரின் குரலை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"ஹலோ."

எனக்கு வாய் எழவில்லை. ஊரெல்லாம் வம்புக்கு இழுக்கிற வாய் அது.

"ஹலோ" என்றார் மறுபடி. பிறகு குரல் இறங்கியது. "கண்ணா, நீதானே? தெரியும்டா எனக்கு. ஏதாவது பேசேன்."

அவர் பேசச் சொன்ன பிள்ளை எனக்குப் பின்னால் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

"அவரில்லை. நான் பேசறேன்" என்றேன். "அவருக்கு உடம்பு சரியில்லை. உங்க டாக்டர் கிளினிக்ல இருக்கோம். மூச்சு விட முடியலை, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"என்ன சாப்ட்டான்?"

"எறா. பீச்ல, வண்டியில."

போனை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு, "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார். டாக்டரைக் கேட்டுச் சொன்னேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்து, இவருக்கு முகத்தில் மாஸ்க் மாட்டிக்கொண்டிருக்கும்போதே மாமியார் வந்துவிட்டார். தனியாக வந்திருந்தார். மாமனார் வரவில்லை. என்னைப் பார்க்கவில்லை. கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து இவருடைய வீங்கிய கையைத் தூக்கி, தடிப்பு ஒவ்வொன்றையும் விரலால் தடவினார். இவர் கண்ணைத் திறந்தார், மூடிக்கொண்டார். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. நான் கதவோரம் நின்றேன். அந்த அம்மாள் திரும்பி என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அறைந்தால்கூட. திட்டுக்காக நான் காத்திருந்தது என் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான்.

பார்வையாளர் நேரம் முடிகிற சமயத்தில் பெரிய டாக்டர் வந்து பார்த்தார். வீக்கம் அடங்குகிறது, ஆனால் திரும்ப வரலாம், கண்காணிக்க வேண்டும் என்றார். பின்னாலேயே நர்ஸ் வந்தாள்.

"பேஷன்ட்கூட ஒருத்தர்தான் இருக்கலாம். யாரும்மா இருக்கப்போறது?"

பெற்ற தாய் இருக்கிறார். என் செருப்பு எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டேன். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை, அந்த மாடிக்குத் தனியாகப் போய்ப் படுக்க முடியும் என்று தோன்றவில்லை.

மாமியார் இவருடைய கையை மெத்தையில் வைத்துவிட்டு எழுந்தார். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"அவ இருக்கட்டும்" என்றார் நர்ஸிடம். "அவன் என்னென்ன சாப்டறான்னு எனக்கென்ன தெரியும். அவளுக்குத்தான் தெரியும்."

திட்டினாரா, விட்டுக்கொடுத்தாரா, இரண்டுமா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. என்னைத் தாண்டித்தான் வெளியே போனார், ஆனால் நிற்கவில்லை. நான் அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். அதில் அவர் சூடு இன்னும் இருந்தது. அதுவரை இவரை அவர்களிடமிருந்து நான் பறித்துக்கொண்டு வந்ததாகத்தான் எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது இவரை அவரே என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதைப்போல நான் எதற்கும் பயந்ததில்லை. இவருடைய நெஞ்சின் மேல் கையை வைத்து, அது ஏறி இறங்குவதை எண்ண ஆரம்பித்தேன்.