ஒன்றரை மணி நேரம்தானே!

வடதுருவக் கரையில் இருக்கும் எங்கள் ஊர் தலிருக்கிலிருந்து பெரிய ஊரான இக்பிக்குக்கு விமானத்தில் முந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். விமானக் கம்பெனி ஒட்டிவைத்த அட்டை அப்படித்தான் சொல்கிறது. தெற்கே எவனோ ஒருவன் சூடான அறையில் உட்கார்ந்து எழுதியது. இங்கே மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரே ஓடுபாதை. குறுக்குக் காற்று அடித்தால் விமானம் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த வழியே போய்விடும்.

அந்தக் காற்றை அளந்து ரேடியோவில் சொல்கிற வேலை கௌனாக்குக்கு, இருபத்தோரு வருடமாக. கடைக்குத் தக்காளி வராவிட்டாலும் ஊர் அவனைத்தான் ஏசும். அவனும் வாயை மூடிக்கொண்டிருக்கிற ரகமில்லை. ஊரிலேயே அவனை அதிகம் வெறுத்தவர் அவன் அக்கா புருஷன் பிட்சியுலாக். பதினோரு வருடத்துக்கு முன் அக்கா நௌயா வயிற்று வலியில் துடித்தபோது, விமானம் ஆறு நாள் வந்து வந்து திரும்பியது. ஏழாம் நாள் அவள் இல்லை.

"காத்து கம்மின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இறங்கியிருப்பான். கொலைகாரப் பய!" என்று கடைவாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொல்வார்.

இந்த ஏப்ரலில் அவருக்கே நெஞ்சுவலி வந்தது. இக்பிக் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்றாள் நர்ஸ். விமானம் வந்து மேலே சுற்றியது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே அவர் கத்தினார்: "டேய், இன்னைக்காவது பொய் சொல்லுடா!"

கௌனாக் ரேடியோவில் உள்ளதைச் சொன்னான்: காற்று முப்பத்தெட்டு நாட் வேகம், குறுக்கே. விமானம் திரும்பியது. மறுநாளும் அதே கதை.

கம்பெனிக்குப் போன் போட்டான். "ஒன்றரை மணி நேரம்தானே சார், நாளைக்குப் பாக்கலாம்" என்றாள் ஒருத்தி.

"உன் நாளைக்கைக் கொண்டுபோய் அடுப்புல போடு!" என்று போனை வைத்தான்.

அன்றே அவரைக் கரிபு மான்தோலில் சுற்றி, சறுக்குவண்டிப் பெட்டியில் படுக்கவைத்து, பனி ஸ்கூட்டரின் பின்னால் கட்டினான்.

"உன்கூட வர்றதுக்கு இங்கயே செத்துப்போலாம்."

"வழியில சாவு மாமா. பாரமாவது குறையும்."

உறைந்த கடல்மேல் போகிற வழியைப் பெரியவர்கள் கிலோமீட்டரில் சொல்வதில்லை. எத்தனை முறை படுத்து எழ வேண்டும் என்று தூக்கக் கணக்கில் சொல்வார்கள். பனி கெட்டியாக இருந்தால் இக்பிக் இரண்டு தூக்கம். முதல் நாள் முழுக்க அவர் திட்டித் தீர்த்தார். இரண்டாம் நாள் திட்டு பாதியானது. மூன்றாம் நாள் காலை இக்பிக்கின் எண்ணெய்த் தொட்டிகள் கண்ணில் பட்டதும் கௌனாக் வண்டியை நிறுத்தி, குடுவையிலிருந்து தேநீர் ஊற்றி நீட்டினான்.

பிட்சியுலாக் தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை தூக்கம் ஆச்சு?"

"ரெண்டு."

"அன்னைக்கும் ஏப்ரல்தான். பனியும் இப்படித்தான் கெட்டியா கெடந்துச்சு." அவருக்கு மூச்சு வாங்கியது. "ஆறு நாள்டா. நௌயாவ இப்படி வண்டியில ஏண்டா ஏத்தல?"

கௌனாக் இருபத்தோரு வருடத்தில் யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

"ஒன்றரை மணி நேரம்தானே, நாளைக்கு வந்துடும்னு இருந்துட்டேன் மாமா."

பிட்சியுலாக் தேநீரைப் பனியில் கொட்டினார். "நானும்தான்டா இருந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, முகத்தை மான்தோலுக்குள் இழுத்துக்கொண்டார்.